சிரித்தவர்களில் ஒருத்தி

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்துக்குப் பியூலா மஸ்கோத் அல்வா கிண்டிக் கொண்டுபோயிருந்தாள். கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, முந்தின நாள் மத்தியானம் முழுக்க அடுப்பை விட்டு நகராமல் கிண்டியது. முதலூர்க்காரியான அவள் அம்மாவின் கைப்பக்குவம் அப்படியே வந்திருந்தது. கல்கத்தாவில் அந்தச் சபைக்கு வருகிற தமிழ்க் குடும்பங்களில் பாதி நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தவை. அல்வா டப்பாவைக் கண்டால் ஏலத்தில் போட்டி கிளம்பும். புருஷன் பாபு விட்டுப்போன பிறகு சர்ச்சில் கடைசி வரிசையில் உட்காரப் பழகிக்கொண்டவளுக்கு, வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிற நாள்.

பெங்காலி ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகுதான் தமிழ் ஆராதனை நடக்கும். அதுவும் முடிந்து, பக்கத்துக் கூடத்தில் ஏலம் தொடங்கியது. மைக் பிடித்தவர் ரஞ்சன். சபையின் செயலாளர். ஹவுராவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு மேனேஜர் என்று எல்லோருக்கும் தெரியும். ஐம்பது தாண்டியும் டை கட்டாமல் ஆராதனைக்கு வரமாட்டார். அவர் மைக்கைத் தொட்டாலே கூட்டம் சிரிக்கத் தயாராகிவிடும். பூசணிக்காயை ஏலம் விட்டால் அதற்கும் ஒரு கதை, சேவலை விட்டால் அதற்கும் ஒரு கதை.

அல்வா டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மூச்சிழுத்தார்.

"சபையாரே, இது சாதாரண அல்வா இல்ல. நம்ம பியூலா சிஸ்டர் கையால கிண்டின முதலூர் அல்வா. கேளுங்க, கேளுங்க!"

யாரோ ஒரு விலை கேட்டார்கள். இன்னொருவர் கொஞ்சம் ஏற்றினார். அத்தோடு நின்றுவிட்டது. கூட்டத்தைச் சூடேற்ற ரஞ்சனுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"என்னங்க யோசனை? பாபு அண்ணன் இவங்களுக்கு அல்வா கொடுத்துட்டு சிலிகுரிக்குப் போயிட்டாரு. பாவம், சிஸ்டர் அதை அப்படியே நமக்குக் கொடுக்க வந்திருக்காங்க. வாங்கிக்கிட்டுப் போங்க!"

கூடத்தில் எங்கிருந்தோ ஒரு கொக்கரிப்பு கிளம்பியது. அதைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். வயதானவர்கள்கூடக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் ரஞ்சனின் மனைவி ஷியாமளா மட்டும் மடியிலிருந்த பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பியூலாவும் சிரித்தாள்.

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, மற்றவர்களைப்போலவே சிரித்தாள். சிரிப்பை நிறுத்தினால் முகம் என்னவாகும் என்று தெரியாத பயத்தில், எல்லோரும் நிறுத்தின பிறகும் கொஞ்சம் சிரித்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது மகள் தமிழரசி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஜாதவ்பூரில் காலேஜ் படிக்கிறவள். அப்பன் ஆசையாக வைத்த பெயர்தான் தமிழரசி. அவளுக்குத் தமிழைவிடப் பெங்காலிதான் சரளம். கோபம் வந்தால் தமிழ் சுத்தமாகப் போய்விடும்.

"மா, துமி கேனோ ஹாஷ்லே?" என்றாள். பிறகு, அம்மாவுக்குக் கேட்காததுபோல மறுபடி தமிழில் கேட்டாள். "நீ ஏன் சிரிச்சே? அந்த ஆளுக்கு அறிவில்ல. சரி. நீ ஏம்மா சிரிச்சே?"

"அத்தனை பேர் முன்னாடி அழச் சொல்றியா?"

"எழுந்து வந்திருக்கலாம்ல? நான் உன்னையேதான் பார்த்துட்டு இருந்தேன். நீ எழுந்தா நானும் எழுந்திருப்பேன்."

பாபு ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து சிலிகுரிக்கு மாற்றலாகிப் போய், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்ட செய்தி வந்தபோதுகூடப் பியூலா இப்படிக் குறுகிப் போனதில்லை. அது அவன் செய்தது. இந்தச் சிரிப்பு அவளுடையது.

அடுத்த ஞாயிறு தலைவலி என்று போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ரஞ்சனிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது. "சிஸ்டர், ஜோக்குக்குத்தான் சொன்னேன், மனசுல வச்சுக்காதீங்க, என்ன? உங்க அல்வா நல்ல விலைக்குப் போச்சு தெரியுமா!" அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. ரோட்டில் நடந்துகொண்டே சொன்ன மன்னிப்பு.

போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, "மன்னிச்சுடும்மா. கிறிஸ்தவங்க நாம. கிறிஸ்துமஸ் வருது, பெண்கள் ஐக்கியத்துல நீங்க இல்லாம வேலை ஓடல" என்றார்.

"சரிங்க ஐயா" என்றாள்.

அவர் படியிறங்கிப் போன பிறகு டீ டம்ளரைக் கழுவும்போது அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ரஞ்சனிடம் போய் யாராவது, ஏன் அப்படிப் பேசினீர் என்று கேட்டார்களா? அடிபட்டவளிடம்தான் எல்லோரும் வருகிறார்கள். அவள் மன்னித்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை, ஐக்கியத்தின் கிறிஸ்துமஸ் கேக் வேலை நின்றுபோகாது. அன்றிலிருந்து தினமும் ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய இடம் வந்தால் பியூலா வாயை மூடிக்கொண்டாள். வாய் மூடியிருந்தது தேவனுக்குத் தெரியட்டும் என்றுதான்.

பியூலா பாலிகஞ்சில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். டிசம்பர் தொடக்கத்தில் கிளினிக்கின் நர்ஸ் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டு நின்றாள். டாக்டரம்மா எல்லோரையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த ரெஸ்டாரன்ட். அரண்மனை மாதிரி முகப்பு. வாசலில் சிவப்பு வெல்வெட் அங்கியும், விசிறி வைத்த தலைப்பாகையும், ஒட்டு மீசையுமாக ஒரு ராஜ சேவகன் நின்றான். வருகிற ஒவ்வொருவருக்கும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டுக் கதவைத் திறந்துவிட்டான். முன்னால் போன ஒரு குடும்பம் அவன் தோளில் கையைப் போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டது. அவன் மீசையை முறுக்கிக் காட்டினான்.

பியூலாவின் முறை வந்தபோது அவன் குனிந்தான், நிமிர்ந்தான். ஒட்டு மீசைக்கு மேலே இருந்த கண்கள் ரஞ்சனுடையவை.

அவர் கண்ணை விலக்கிக்கொண்டு கதவை அகலத் திறந்து பிடித்தார். அவள் உள்ளே போனாள்.

சாப்பாடு இறங்கவில்லை. துக்கத்தில் அல்ல. நெஞ்சு முழுக்க ஒரு சந்தோஷம் வந்து அடைத்துக்கொண்டது. கம்பெனி மேனேஜர்! டை கட்டின செயலாளர்! பிரியாணியை அளைந்துகொண்டே அவள் வாசல் பக்கம் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். "என்ன பியூலா தீதி, இன்னிக்கு ரொம்ப குஷி?" என்று கல்யாணப் பெண் கேட்டாள். "உனக்காகத்தான்" என்று பியூலா பொய் சொன்னாள். கிளம்பும்போது வாசலில் வேறு ஓர் ஆள் கதவைத் திறந்துவிட்டான். ரஞ்சன் எங்கேயோ ஒளிந்துகொண்டார் என்று நினைத்தபோது இன்னும் இனித்தது.

அந்த ஞாயிறு அவள் சர்ச்சுக்குப் போனாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். ரஞ்சன் வழக்கம்போல டையோடு வந்து அறிவிப்புகளை வாசித்தார். அவள் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஆராதனைக்குப் பிறகு பெண்கள் ஐக்கியக் கூட்டம். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை மதிய விருந்து எங்கே வைப்பது என்று தலைவி ஹெலன் அக்கா கேட்டபோது, பியூலா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பாலிகஞ்ச்ல புதுசா ஒரு ரெஸ்டாரன்ட் திறந்திருக்காங்க அக்கா. ராஜா வீடு மாதிரி இருக்கும். வாசல்லயே வரவேற்பு பிரமாதம். நான் போய்ப் பார்த்துட்டேன். வழக்கமா நாமளேதானே சமைச்சுச் சாகறோம்? ஒரு வருஷம் வெளியில போவோமே."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதிகமாக மகிழ்ந்தது ஷியாமளாதான். "பாலிகஞ்சா? அவர் ஆபீஸ் வேலையா அந்தப் பக்கம் அடிக்கடி போறதா சொல்வாரே! அவரையும் வரச்சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றாள்.

ஷியாமளாவுக்கு எதுவும் தெரியாது. இதைப் பியூலா யோசிக்காமல் இல்லை. மனைவியின் முன்னால் என்றால் அவருக்கு இன்னும் நன்றாக உறைக்கும் என்றுகூட ஓர் எண்ணம் வந்து போயிருந்தது.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப் வரை ஷியாமளா அவளோடு நடந்து வந்தாள். இரண்டு பேரும் அதற்கு முன் அதிகம் பேசிப் பழகினவர்கள் அல்ல.

"பியூலாக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். டாக்டர்கிட்ட வேலை பாக்கறீங்கல்ல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கால் வீங்கினா என்ன பண்ணணும்?"

"யாருக்கு?"

"அவருக்குத்தான். சாயங்காலம் வந்தா ஷூவைக் கழற்றவே முடியல. கணுக்கால் பூரி மாதிரி உப்பியிருக்கு. கேட்டா, கம்பெனில ஆடிட், குடோன் குடோனா நின்னு சரக்குப் பாக்கணும்கறாரு. வெந்நீர்ல உப்புப் போட்டு வைக்கிறேன். அப்படியே உக்காந்தபடி தூங்கிடறாரு. வீட்ல ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசி மாசக்கணக்காச்சு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அன்னிக்கு ஏலத்துல அவர் அப்படிப் பேசினது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல. வெளியிலதான் அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசறதெல்லாம். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

"கால உயரத் தூக்கி வச்சுப் படுக்கச் சொல்லு" என்றாள் பியூலா. பஸ் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கும்பிட்டுக் கும்பிட்டு நிமிர்ந்த அந்தச் சிவப்பு அங்கிதான் அவள் மனதில் வந்து வந்து நின்றது. கூடவே இன்னொரு அங்கி வந்தது. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிய காட்சி. சேவகர்கள் இயேசுவுக்குச் சிவப்பு அங்கி உடுத்தி, தலையில் முள்ளைச் சுற்றி வைத்து, ராஜாவே வாழ்க என்று முன்னால் மண்டியிட்டுச் சிரித்தார்களே, அது. அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் பியூலா தன்னை அவர் பக்கத்தில்தான் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஏல நாளிலிருந்து இன்னும் நெருக்கமாக. பாடுபட்டவருக்குத்தான் என் பாடு தெரியும் என்று சொல்லிக்கொண்டுதான் இத்தனை நாள் முறைத்துக்கொண்டு இருந்தாள். இப்போது கால் வீங்கி நிற்கிற ஒரு மனிதனைச் சுற்றி நின்று சிரிக்க, சனிக்கிழமைக்குச் சபைப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போகப் போவது யார்? அவர் பெண்டாட்டியையும் சேர்த்து?

அவளுக்கு முகம் எரிந்தது. கூட்டத்தில் யாரோ தன்னையே பார்ப்பதுபோலிருந்தது. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கிளினிக்கில் மத்தியான இடைவேளை விட்டதும் ரெஸ்டாரன்டுக்குப் போனாள். மத்தியான வியாபாரம் முடிந்து முன்வாசல் கதவு சாத்தியிருந்தது. பக்கத்துச் சந்தில், ஸ்டூலில் உட்கார்ந்து மண்குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார் ரஞ்சன். தலைப்பாகை மடியில் இருந்தது. மீசையைப் பிய்த்தெடுத்த இடம் சிவந்து தடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்லியாச்சா?" என்றார்.

"சொல்லல."

"பின்ன எதுக்கு வந்தீங்க? இன்னொரு தடவை பார்த்துட்டுப் போகவா? பாருங்க. போன வருஷம் கம்பெனியை மூடினாங்க. இந்த வயசுல எவன் வேலை தருவான்? முகம் தெரியாம நிக்கற வேலைன்னு இதைப் பிடிச்சேன். போதுமா?"

"ரஞ்சன் அண்ணே, சனிக்கிழமை பெண்கள் ஐக்கிய விருந்து இங்க."

டீக்குவளை அவர் கையில் அப்படியே நின்றது.

"ஷியாமளா நேத்து சொன்னா, பாலிகஞ்ச்ல ஏதோ ஹோட்டல்னு... இங்கயா?" அவர் அவளைப் பார்த்தார். "யார் சொன்னது இந்த இடத்தை?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. ஹெலன் அக்கா சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். தற்செயல் என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான். நீங்க இங்க நிக்கறதை எல்லாரும் பாக்கணும்னுதான் சொன்னேன்."

ரஞ்சன் எழுந்தேவிட்டார். மடியிலிருந்த தலைப்பாகை சேற்றில் விழுந்தது. "சீ! நீங்கல்லாம் ஒரு... ஒரு வார்த்தை, விளையாட்டுக்குச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை! அதுக்கு என் பொண்டாட்டியை வச்சு என் தலையை வாங்கப் பார்த்தீங்களா? இந்தப் புத்தியாலதான் பாபு அண்ணன் வீட்டை விட்டே ஓடியிருக்காரு!"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் ஏச்சு யாருக்கும் புரியும். இப்போதே திரும்பிப் போய்விடலாம், சனிக்கிழமை நடப்பது நடக்கட்டும் என்று பியூலாவுக்கு ஒரு நொடி தோன்றியது. அவள் குனிந்து தலைப்பாகையை எடுத்தாள். முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். சேறு முழுவதும் போகவில்லை.

"நீங்க அன்னிக்குச் சொன்னது வலிச்சது அண்ணே. இப்பச் சொன்னதும் வலிக்குது. விளையாட்டுன்னு நீங்க சொன்னாலும் எனக்கு அது விளையாட்டு இல்ல. என் மக முன்னாடி நான் கேவலப்பட்டேன்" என்றாள். "ஆனா அதை உங்ககிட்ட வசூல் பண்ண மாட்டேன். பண்ணத்தான் நினைச்சேன். தப்பு. இடத்தை மாத்திடறேன். இங்க பார்த்ததை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

தலைப்பாகையை ஸ்டூலில் வைத்துவிட்டு நடந்தாள். அவர் கூப்பிடவில்லை. மன்னித்துவிட்ட நிம்மதி என்று பிரசங்கத்தில் சொல்வார்களே, அப்படி ஒன்றும் அவளுக்கு வரவில்லை. கிளினிக் பாத்ரூமில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பல்வலிக்காரர்களின் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலமே ஹெலன் அக்காவுக்கு போன் செய்தாள். "அக்கா, அந்த இடம் வேண்டாம். நான் யோசிக்காம சொல்லிட்டேன். விருந்தை எங்க வீட்ல வச்சுக்கலாம். நானே சமைக்கிறேன்."

"என்ன பியூலா, எல்லார்கிட்டயும் ஆசையைக் காட்டிட்டு? காரணம் என்ன சொல்லட்டும்?"

"என் தப்புன்னு சொல்லுங்க."

காரணம் தெரியாத இடத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்துக்கொண்டார்கள். பியூலாவுக்கு ஓட்டலில் கமிஷன் கிடைக்கவில்லையாம் என்றுகூட ஒருத்தி சொன்னதாகக் காதில் விழுந்தது. தமிழரசி குதித்தாள். "மறுபடியும் சும்மா இருக்கப் போறியா?"

"இந்தத் தடவை சும்மா இருக்கறது வேற" என்றாள் பியூலா. மகளிடம் நடந்ததைச் சொன்னாள், ரஞ்சனின் வேலையைத் தவிர. ஒருத்தரைப் பழிவாங்க ஏற்பாடு செய்தேன், பிறகு விட்டுவிட்டேன் என்று மட்டும். தமிழரசி கடைப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "வெங்காயம் எவ்வளவு வாங்கணும்?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு நிறைய நேரம் முன்னாலேயே ஷியாமளா வந்துவிட்டாள். ஜாதவ்பூரில் பியூலாவின் வீடு இரண்டு அறைதான். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாது. ஷியாமளா கேட்காமலேயே கத்தியை எடுத்து வெங்காயம் அரிய உட்கார்ந்தாள். தமிழரசியைத் தயிர் வாங்கக் கடைக்கு அனுப்பியிருந்தாள் பியூலா.

"அவர் சொல்லிட்டாரு" என்றாள் ஷியாமளா, தலை நிமிராமல்.

பியூலா அடுப்பைக் குறைத்தாள்.

"கம்பெனி மூடினது, வாசல்ல நிக்கறது, எல்லாம். பச்சப்புள்ள மாதிரி அழுதாரு. கதவு திறந்துவிடற வேலையில என்ன கேவலம்? என்கிட்ட மறைச்சாரே, அதுதான் எனக்குத் தாங்கல." கத்தி நின்றது. "உங்களைப் பத்தியும் சொன்னாரு."

பியூலா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். காது மடல் வரை சூடேறியது.

"அவர் உங்களைப் பேசினாரு. அவரைப் பழிவாங்க நினைச்சீங்க. அது எனக்குப் புரியுது. நான் உங்களுக்கு என்ன பண்ணினேன் பியூலாக்கா? அன்னிக்கு நான் சிரிக்கக்கூட இல்லையே. என்னையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அந்த வாசல்ல நிறுத்தப் பார்த்தீங்களே."

"ஆமா" என்றாள் பியூலா. "உன்னையும் சேர்த்துத்தான் நினைச்சேன்."

கூட்டத்தின் நடுவில் தன்னை ரஞ்சன் எப்படி நினைக்கவே இல்லையோ, அப்படியே தானும் இவளை நினைக்கவில்லை. இல்லை, நினைத்துப் பார்த்தும் திட்டத்தைக் கைவிடவில்லை. அது அதைவிட மோசம். மன்னிச்சிடு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. டீ குடித்த கையோடு போதகர் கேட்ட மாதிரி, ரோட்டில் நடந்துகொண்டே ரஞ்சன் கேட்ட மாதிரி, அதைச் சடக்கென்று கேட்டு வாங்கிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"நான் உனக்குப் பண்ணினது பாவம் ஷியாமளா. நீ என்னை மன்னிக்கணும்னு அவசரமே இல்ல. உனக்கு முடியறப்ப முடியட்டும். முடியாட்டியும் நான் கேக்க மாட்டேன்."

ஷியாமளா மூக்கை உறிஞ்சினாள். வெங்காயமாகவும் இருக்கலாம். "இப்ப முடியல" என்றாள்.

"சரி."

விருந்துக்கு எல்லோரும் வந்தார்கள். கறிக்குழம்பு நன்றாக இருந்தது என்று ஹெலன் அக்கா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஷியாமளா பரிமாறினாள், பாத்திரம் ஒதுக்கினாள், எல்லோருடனும் பேசினாள். பியூலாவிடம் மட்டும் உப்பு எங்கே, தட்டு எங்கே என்பதற்கு மேல் ஒன்றும் பேசாமல் கிளம்பிப் போனாள்.

கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் அப்படியே. ரஞ்சன் அன்று அறிவிப்பு வாசிக்கவில்லை. செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டார் என்றார்கள். வெளியே வரும்போது பியூலாவின் எதிரில் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டார்.

"அந்தச் சந்துல நான் இன்னொரு தடவையும் பாபு அண்ணனை இழுத்துப் பேசிட்டேன். ஏலத்துல பேசினதுக்கே இன்னும் ஒழுங்கா மன்னிப்புக் கேக்கல." சிரிக்க வைத்தே பழகின ஆள் வார்த்தையைத் தேடித் தேடிப் பேசினார். "அது ஜோக் இல்லம்மா. நான் சிரிப்பு மூட்டாட்டி என்னைப் பத்தி யாராவது கேள்வி கேட்டுருவாங்களோன்னு பயம். உங்களை எடுத்து முன்னாடி போட்டேன்."

பக்கத்தில் நின்ற தமிழரசி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஹாப்பி கிறிஸ்துமஸ் அங்கிள்" என்றாள், கொஞ்சம் விறைப்பாக. அவர் தலையாட்டினார்.

புது வருஷத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நாள். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து பீடத்துப் பக்கம் போனார்கள். கடைசி வரிசையில் பியூலா உட்கார்ந்தே இருந்தாள். உன்மேல் ஒருவருக்குக் குறை இருந்தால் முதலில் போய் அதைச் சரிசெய்துகொண்டு வா என்று சின்ன வயதிலேயே பைபிளில் படித்தது. அவள்மேல் குறை வைத்திருக்கிற ஒருத்தி அதே சர்ச்சில் இரண்டாவது வரிசையில் இருக்கிறாள். இன்றைக்கு வேண்டாம், இருக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். மகள் ஒரு தடவை தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனாள். அக்கம்பக்கத்தில் ஒருத்தி திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும் என்றிருந்தது.

யாரோ வந்து பக்கத்தில் நின்றார்கள். ஷியாமளா. வரிசையை விட்டு விலகிப் பின்னால் நடந்து வந்திருக்கிறாள்.

"ஏன் உக்காந்திருக்கீங்க?"

"நீ இன்னும்..." என்று தொடங்கினாள் பியூலா.

"இன்னும் முழுசாப் போகல" என்றாள் ஷியாமளா மெதுவாக. "போகும்போது போகட்டும். வாங்க."

அவள் கையை நீட்டவில்லை. இடம் விட்டு ஒதுங்கி நின்றாள். பியூலா எழுந்தாள். கண்ணை உயர்த்தாமலே அவளுக்கு முன்னால் நடந்தாள். பீடத்துக் கம்பி ஓரத்தில் ரஞ்சன் ஏற்கெனவே மண்டியிட்டிருந்தார், வீங்கின காலை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு. இரண்டு பெண்களும் வருவதைப் பார்த்துத் தடுமாறி நகர்ந்தார். மூன்று பேருக்கும் அந்த இடம் கொஞ்சம் நெருக்கடியாகத்தான் இருந்தது. போதகர் அப்பத்தோடு அவர்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.